நிற்கும் காரின் வரவு செலவு

மோட்டார் காரின் முன்கண்ணாடியில் ஒட்டிவைக்கப்பட்டு, எதிரே நடப்பதை ஓயாமல் பதிவு செய்யும் சிறு கேமராவை டேஷ்கேம் என்கிறார்கள். கார் ஓடும்போது இந்தக் கேமராவுக்கு மின்சாரம் தருவதில் சிக்கல் ஏதுமில்லை. சிகரெட் லைட்டர் துளையில் ஒரு செருகியைச் செருகினால் வேலை முடிந்தது. ஆனால் சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்திய மறுகணம் பெரும்பாலான கார்களில் அந்தத் துளைக்கு வரும் மின்சாரமும் நின்றுவிடுவதால் கேமராவும் கண்ணை மூடிக்கொள்கிறது. சொந்தக் கார் என்பது ஓடும் நேரத்தைவிடப் பல மடங்கு நேரம் சும்மா நிற்கும் பொருள் என்பதையும், உரிமையாளர் அருகில் இல்லாத அந்த நேரத்தில் விழும் கீறலுக்கும் நசுங்கலுக்கும் சாட்சி கிடைப்பது அரிது என்பதையும் சேர்த்து எண்ணினால், காவல் வேண்டிய வேளையில் காவலாளி உறங்கிப்போகிறான் என்றே சொல்ல வேண்டும். அவனை விழித்திருக்கச் செய்ய நின்ற காரிலும் மின்சாரம் தர வேண்டும். தந்த பிறகு காலையில் கார் கிளம்பாமல் போய்விடவும் கூடாது. இந்த இரண்டு நிபந்தனைகளையும் ஒருசேர நிறைவேற்றுவது ஒயரிங் வேலை என்றே கடைகளில் பேசப்படுகிறது. உண்மையில் அது மளிகைக் கடைச் சிட்டையைப் போன்ற வரவு செலவுக் கணக்கு.

மகாராஷ்டிரத்தின் புனே நகரத்தில் இந்தக் கணக்கை எழுதிப் பார்ப்பதற்குக் காரணங்கள் உண்டு. சதாசிவ் பேட், நாராயண் பேட், கஸ்பா பேட் என விரியும் பழைய புனேயின் தெருக்கள் கார்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே அமைந்தவை. அங்கே பல சாலைகளில் ஒற்றைப்படைத் தேதிகளில் ஒரு பக்கமும் இரட்டைப்படைத் தேதிகளில் எதிர்ப்பக்கமும் வண்டி நிறுத்தும் முறை நடைமுறையில் இருக்கிறது. பி1, பி2 என்று எழுதிய பலகைகளைப் பார்த்து உரிமையாளர்கள் நாள்தோறும் பக்கம் மாற்றி நிறுத்துகிறார்கள். இருசக்கர வண்டிகளுக்குப் பேர்போன நகரம் ஆதலால், ஒதுங்கி நிற்கும் காருக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சிறு சந்திலும் ஒரு ஸ்கூட்டர் நுழைந்து வெளியேறும். அதன் ஹேண்டில்பார் விட்டுச் செல்லும் கோடு மறுநாள் காலையில்தான் கண்ணில் படும். இவை தவிர, பிப்வேவாடி, எரவாடா போன்ற பகுதிகளில் இரவில் கும்பலாக வருவோர் சாலையோர வண்டிகளின் கண்ணாடிகளை உடைத்துச் செல்லும் செய்திகள் கடந்த சில ஆண்டுகளாக மராத்தி நாளிதழ்களில் அடிக்கடி இடம்பெறுகின்றன. 2024 மே 19 அதிகாலையில் கல்யாணி நகரில் அதிவேகமாக வந்த சொகுசுக் கார் மோதி இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்த வழக்கில் கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் பெற்ற முக்கியத்துவமும், பதிவு என்பதன் மதிப்பை நகரத்துக்கு உணர்த்திய நிகழ்ச்சிகளுள் ஒன்று.

பதிவின் மீதான விருப்பத்துக்குக் காப்பீட்டுக் கணக்கும் ஒரு காரணம். ஓராண்டு முழுவதும் இழப்பீடு கோராத உரிமையாளருக்குச் சொந்தச் சேதக் காப்பீட்டுக் கட்டணத்தில் 20 விழுக்காட்டில் தொடங்கி ஐந்து ஆண்டுகளில் 50 விழுக்காடு வரை தள்ளுபடி கிடைக்கிறது. ஒரு கதவின் கீறலுக்காகக் கோரிக்கை எழுதினால் அந்தத் தள்ளுபடி போய்விடும். ஆகவே இடித்தவரைக் கண்டுபிடித்து அவரிடமே செலவைக் கேட்பது ஆதாயம், அதற்கு வண்டி எண் தெரிய வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு, பிறர் சொத்துக்குச் சேதம் விளைவித்த ஓட்டுநர் அதைக் காவல் நிலையத்தில் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று சொல்கிறது. அந்தப் பிரிவைப் படித்துவிட்டுக் காவல் நிலையத்துக்குப் போகும் ஸ்கூட்டர்காரர் எவரும் இருப்பதாகத் தெரியவில்லை. டேஷ்கேமைக் கறுப்புப் பெட்டி என்று அழைக்கும் தென்கொரியாவில், நின்ற காரை இடித்துவிட்டுத் தன் விவரத்தைக் கொடுக்காமல் போவது 2017 முதல் அபராதத்துக்குரிய குற்றம். நிறுத்திய காரில் பதிவு செய்யும் வசதியும் அதற்கென்றே செய்யப்பட்ட தனி பேட்டரிகளும் அந்த நாட்டில் பெரிய சந்தையாக வளர்ந்ததை இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

பேட்டரி என்னும் கடன்காரர்

காரின் பேட்டரியை மின்சாரத் தொட்டி என்று நினைப்பதிலிருந்தே பிழைகள் தொடங்குகின்றன. பிரெஞ்சு அறிவியலாளர் காஸ்டன் பிளாண்டே 1859இல் உருவாக்கிய ஈய-அமில பேட்டரியின் வழித்தோன்றலான இது, ஈயத் தட்டுகளும் நீர்த்த கந்தக அமிலமும் சேர்ந்து மின்சாரம் தரும் அமைப்பு. புனேயை ஒட்டிய சிஞ்ச்வடிலும் தமிழ்நாட்டின் ஓசூரிலும் எக்ஸைடு நிறுவனத்தின் ஆலைகளில் செய்யப்படுவதும் இதே வகைதான். ஒரே வேதியியலில் இரண்டு குணங்கள் உண்டு. வீட்டு இன்வெர்ட்டரோடு வைக்கப்படும் டியூபுலர் பேட்டரி தடித்த தட்டுகள் கொண்டது. மணிக்கணக்கில் மெதுவாக மின்சாரம் கொடுத்து, ஏறக்குறையக் காலியாகி, மீண்டும் நிரம்புவதற்கென்றே அது பிறந்தது. காரில் இருப்பதோ மெல்லிய தட்டுகள் பல அடுக்கிய பேட்டரி. செல்ஃப் மோட்டாரைச் சுழற்ற ஓரிரு விநாடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஒரே மூச்சில் கொட்டிவிட்டு, உடனே ஆல்டர்னேட்டரிடமிருந்து, அதாவது இன்ஜின் சுழற்றும் மின்னாக்கியிடமிருந்து, கொடுத்ததைத் திரும்பப் பெற்றுக்கொள்வது அதன் வேலை. முன்னது வண்டி மாடு என்றால் பின்னது பந்தயக் குதிரை. டேஷ்கேமை நேரடியாகக் கார் பேட்டரியில் கட்டுவது பந்தயக் குதிரையைச் செக்கில் பூட்டுவதற்கு ஒப்பாகும். அது சுற்றும், ஆனால் நெடுநாள் சுற்றாது.

எவ்வளவு நாள் என்பதைக் கணக்கிட மூன்று எண்கள் போதும். சிறிய பெட்ரோல் கார்களில் பரவலாகக் காணப்படும் பேட்டரியின் கொள்ளளவு 35 ஆம்பியர்-மணி. ஒரு ஆம்பியர் மின்னோட்டத்தை 35 மணி நேரம் தரக்கூடியது என்பது இதன் பொருள். முன்பக்கம் மட்டும் பார்க்கும் கேமரா ஏறத்தாழ 3 முதல் 4 வாட், அதாவது 12 வோல்ட்டில் சுமார் 0.3 ஆம்பியர் எடுக்கிறது. பின்கண்ணாடிக்கும் ஒரு கேமரா சேர்ந்தால் 0.5 ஆம்பியரை எட்டும். மூன்றாவது எண் பலர் மறப்பது: கடிகாரம், பூட்டுச் சாதனம், சாவியின் சமிக்ஞைக்காகக் காத்திருக்கும் மின்னணுப் பெட்டிகள் ஆகியவற்றுக்காக, நிற்கும் கார் தானாகவே 0.02 முதல் 0.05 ஆம்பியர் வரை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. செல்ஃப் எடுப்பதற்குப் பாதியாவது மிச்சம் வைக்க வேண்டும் என்று கொண்டால் செலவழிக்கக் கிடைப்பது 17.5 ஆம்பியர்-மணி. ஒற்றைக் கேமரா உள்ள கார் அதை 53 மணி நேரத்திலும், இரட்டைக் கேமரா உள்ள கார் 33 மணி நேரத்திலும் தின்று தீர்த்துவிடும். இது புது பேட்டரிக்கான கணக்கு. மூன்றாண்டு வெயில் கண்ட பேட்டரியிடம் எழுதப்பட்ட கொள்ளளவை எதிர்பார்க்க முடியாது. ஏப்ரல், மே மாதங்களில் 40 பாகை செல்சியஸைத் தொடும் புனே வெயில் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கிறது, டிசம்பர், ஜனவரியில் 10 பாகைக்கு இறங்கும் விடியற்காலை அதன் வலுவைக் குறைக்கிறது. முன்னதில் ஏற்பட்ட நோய் பின்னதில் வெளிப்படுவதால், கோடை செய்த பழியைக் குளிர்காலம் சுமக்கிறது.

செலவு இவ்வளவு என்றால் வரவைப் பார்க்க வேண்டும், ஏனெனில் சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது. கோத்ரூடில் குடியிருந்து ஹிஞ்ஜவடியின் தகவல் தொழில்நுட்பப் பூங்காவுக்குப் போய்வரும் ஒருவரின் கார் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், மீதி 22 மணி நேரத்தில் ஒற்றைக் கேமராவும் காரும் சேர்ந்து 7 ஆம்பியர்-மணிக்குச் சற்று மேல் செலவழிக்கும். அதை இரண்டு மணி நேரத்தில் திருப்பிச் செலுத்த நான்கு ஆம்பியர் போதும், ஆல்டர்னேட்டரோ அதைப்போலப் பல மடங்கு தரவல்லது. ஆகவே கணக்கு நேராகிவிட்டது என்றே தோன்றும். ஆனால் ஈய-அமில பேட்டரி கொடுப்பதில் காட்டும் வேகத்தை வாங்குவதில் காட்டுவதில்லை. பாதி காலியாக இருக்கும்போது ஆர்வத்தோடு வாங்கும் அது, முக்கால் பங்கு நிரம்பிய பின் கையை இழுத்துக்கொள்கிறது. கடைசி ஐந்தில் ஒரு பங்கை நிரப்ப, எவ்வளவு பெரிய ஆல்டர்னேட்டர் இருந்தாலும், பல மணி நேரம் தேவைப்படுகிறது. இதன் விளைவு, அன்றாடம் ஓடும் காரிலும் பேட்டரி முழுதாக நிரம்பாமல், வரவும் செலவும் சமமாகும் ஒரு தாழ்ந்த மட்டத்தில் நின்றுவிடுகிறது. காலையில் கார் கிளம்பிக்கொண்டுதான் இருக்கும், உரிமையாளருக்கு ஐயம் வராது. ஆனால் அரை வயிற்றோடு நாள் கடத்தும் தட்டுகளின் மேல் ஈய சல்ஃபேட் படிகங்களாக இறுகி, நிரப்பினாலும் கரையாத நிலையை அடைகிறது. நான்கு ஆண்டு உழைக்க வேண்டிய பேட்டரி இரண்டு ஆண்டில் கைவிட்டால், கடைக்காரர் பேட்டரியைக் குறை சொல்வார், பேட்டரிக்காரர் ஒயரிங்கைக் குறை சொல்வார்.

நாள்தோறும் ஓடும் காரின் நிலை இது. வார நாட்களில் ஸ்கூட்டரில் அலுவலகம் போய், வார இறுதியில் மட்டும் லோணாவளாவுக்கோ முல்ஷி ஏரிக்கோ குடும்பத்தோடு போவதற்காகக் காரை வைத்திருக்கும் குடும்பங்களும் புனேயில் உண்டு. அத்தகைய காரின் கணக்கு இன்னும் மோசம். பேட்டரி முக்கால் பங்குக்கு இறங்கியதும் கேமராவைத் துண்டிக்கும்படி அமைத்தால், செலவழிக்கக் கிடைப்பது சுமார் 9 ஆம்பியர்-மணி, அது 26 மணி நேரத்துக்கு வரும். ஞாயிறு மாலையில் நிறுத்திய காரின் கேமரா திங்கள் இரவோடு உறங்கிவிடும். செவ்வாய் முதல் வெள்ளி வரை காவலும் இல்லை, பேட்டரியும் நிறைவாக இல்லை.

மூன்று ஒயர்கள்

நிற்கும் காரில் கேமராவை இயக்கப் பரவலாகப் பயன்படுவது ஹார்டுவயர் கிட் எனப்படும் சிறு பெட்டி. 12 வோல்ட்டை கேமராவுக்கு வேண்டிய 5 வோல்ட்டாக இறக்குவதும், பேட்டரியின் வோல்ட் அளவைக் கவனித்துக் குறித்த எல்லையில் துண்டிப்பதும் இதன் இரு வேலைகள். அதிலிருந்து மூன்று ஒயர்கள் வெளிவருகின்றன. சாவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மின்சாரம் இருக்கும் ஃபியூஸில் ஒன்றையும், சாவி போட்டால் மட்டும் உயிர்பெறும் ஏசிசி ஃபியூஸில் மற்றொன்றையும் இணைத்து, மூன்றாவதைக் காரின் உலோக உடலில், மெக்கானிக்குகள் பாடி எர்த் என்று சொல்லும் திருகில், முடுக்க வேண்டும். ஏசிசி ஒயரில் மின்சாரம் வந்தால் கார் ஓடுகிறது என்றும், நின்றால் காவல் முறைக்கு மாற வேண்டும் என்றும் கேமரா அறிந்துகொள்கிறது. இரண்டு மின் ஒயர்களையும் ஒரே ஃபியூஸில் சேர்த்து முறுக்கிவிடும் அவசரக் கைகளில் இந்த அறிவு பறிபோகிறது, கேமரா எப்போதும் ஓடும் காரில் இருப்பதாகவே எண்ணிப் பதிவு செய்துகொண்டிருக்கும்.

உதிரி பாகங்களுக்குப் பெயர்பெற்ற புனேயின் நானா பேட்டிலும், சென்னைவாசிகளுக்கு நன்கு தெரிந்த ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் இந்த வேலையைச் சிறிது நேரத்தில் முடித்துத் தருவோர் உண்டு. வேலையின் தரத்தைச் சில அடையாளங்களால் அறியலாம். மூல ஒயரைச் சீவி முறுக்கி ஒட்டுநாடா சுற்றுவதற்குப் பதிலாக, ஏற்கெனவே உள்ள ஃபியூஸ் இடத்தில் செருகிக்கொண்டு தனக்கென்று இன்னொரு ஃபியூஸையும் தாங்கும் ஃபியூஸ் டேப் பயன்படுத்த வேண்டும். அதற்கு 2 அல்லது 3 ஆம்பியர் ஃபியூஸ் போதும். டேப்பைத் தலைகீழாகச் செருகினால் புதிய சுற்றின் சுமையும் பழைய ஃபியூஸ் வழியாகவே போகும் என்பதால் திசை பார்த்துச் செருக வேண்டும். ஏர்பேக், பிரேக் கட்டுப்பாடு, இன்ஜின் கணினி ஆகியவற்றின் ஃபியூஸ்களைத் தொடவே கூடாது. முன்கண்ணாடியின் ஓரத் தூணுக்குள் பக்கவாட்டு ஏர்பேக் மடிந்திருக்கும் கார்களில் ஒயரை அதன் முன்னால் குறுக்காக இழுத்தால், விபத்தின்போது விரியும் பையின் வழியில் ஒயர் தடையாக நிற்கும். பையின் பின்புறமாகவே கொண்டுபோக வேண்டும், இதைச் செய்ய மெனக்கெடாதவரிடம் காரை விடாமல் இருப்பதே நல்லது. ஃபியூஸ் இல்லாமல் பேட்டரி முனையிலிருந்தே இழுத்த மெல்லிய ஒயர் எங்காவது தோலுரிந்து உலோகத்தைத் தொட்டால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் அதன் வழியே பாய்ந்து ஒயர் செந்தழலாகும். வெட்டி ஒட்டிய ஒயரிங்கால் வந்த பழுது என்று நிறுவனம் காட்டிவிட்டால் அந்தப் பழுதுக்கு வாரண்டி கிடைக்காமல் போவதும் உண்டு.

துண்டிப்பு எல்லை எவ்வளவு என்பதே இந்தப் பெட்டியில் உரிமையாளர் எடுக்க வேண்டிய ஒரே முடிவு, அதில்தான் விற்பவரின் வாய்ச்சொல் மிகவும் ஏமாற்றுகிறது. ஓய்வில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி முழுதாக நிரம்பியிருந்தால் 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்டும்; 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்கு. சில பெட்டிகளில் 11.6 அல்லது 11.8 வரை இறங்கும் தேர்வும் இருக்கிறது. எண்ணளவில் ஏறக்குறைய ஒரு வோல்ட் வேறுபாடுதான் என்று தோன்றும் அது, உண்மையில் பேட்டரி முழுவதும் காலி என்பதைக் குறிக்கிறது. 12.2க்குக் கீழே எதையும் தேர்ந்தெடுப்பது தவறு, 12.4 நல்லது. கேமரா அதிக நேரம் விழித்திருக்கும் என்பதற்காகக் குறைந்த எண்ணைத் தேர்ந்தெடுத்துத் தருபவர் அன்றைய வாடிக்கையாளரின் மகிழ்ச்சியைத்தான் பார்க்கிறார், ஆறு மாதம் கழித்து வரப்போகும் பேட்டரிச் செலவை அவர் கட்டப்போவதில்லை.

இந்த எளிய அளவுகோலும் புதிய கார்களில் தடுமாறுகிறது. சிக்னலில் தானே இன்ஜினை நிறுத்திக் கிளப்பும் வசதியுள்ள கார்களில், பிரேக் பிடிக்கும்போது கிடைக்கும் ஆற்றலை வாங்கிக்கொள்ள இடம் வேண்டும் என்பதற்காக, கணினியே பேட்டரியை வேண்டுமென்று ஐந்தில் ஒரு பங்கு காலியாக வைத்திருப்பது உண்டு, அங்கே 12.4 எல்லை வைத்தால் காரை நிறுத்திய சிறிது நேரத்தில் கேமரா அணைந்துவிடும். அந்தக் கார்களின் எதிர்முனையில் போகும் வரும் மின்சாரத்தை எண்ணும் உணரி பொருத்தப்பட்டிருப்பதால், எர்த் ஒயரை முனையிலேயே கட்டினால் கேமராவின் செலவு கணக்கில் ஏறாது, கணினி ஏமாறும். காரின் உடலில் முடுக்கச் சொல்வதன் காரணம் இதுதான். தென்னிந்தியச் சாலைகளில் பரவலாகக் காணப்படும் ஹூண்டாயின் எக்ஸ்டர் போன்ற மாடல்களில் 2023 முதல் தொழிற்சாலையிலேயே டேஷ்கேம் பொருத்தித் தருகிறார்கள். ஒயரிங் தொல்லை இதனால் ஒழிகிறது, பேட்டரியின் கொள்ளளவு மட்டும் கூடிவிடுவதில்லை.

மின்சாரக் கார் வைத்திருப்போர் தங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை என்று கருதுவது இயல்பு. புனேயை அடுத்த ரஞ்சன்காவில் உருவாகும் டாடா நெக்ஸான் மின்சாரக் காரிலும் விளக்கு, பூட்டு, கணினி ஆகியவற்றை இயக்குவது பழைய 12 வோல்ட் பேட்டரியே; ஃபியூஸ் பெட்டியில் கட்டிய டேஷ்கேம் அதிலிருந்துதான் குடிக்கும். தரைக்கடியில் உள்ள பெரும் பேட்டரி, கார் நிற்கும்போது இந்தச் சிறு பேட்டரியை எப்போது நிரப்பும் என்பது மாடலுக்கு மாடல் மாறுகிறது. பெரும் பேட்டரியிலிருந்தே காவலுக்கு மின்சாரம் எடுப்பது, 2025 ஜூலையில் மும்பையில் இந்தியாவின் முதல் காட்சியகத்தைத் திறந்த டெஸ்லாவின் வழி. அந்நிறுவனம் 2019இல் கொண்டுவந்த காவல் முறை டேஷ்கேமைவிடப் பல மடங்கு மின்சாரம் செலவழித்தாலும், பேட்டரி 20 விழுக்காட்டுக்கு இறங்கினால் தானே நின்றுவிடும். பணக்கார வீட்டின் செலவை மாதச் சம்பளக்காரர் பார்த்துச் செய்ய முடியாது.

தனிச் சமையல்

கார் பேட்டரியைத் தொடாமல் கேமராவுக்கென்று தனி பேட்டரி வைத்துக்கொள்வதே முறையான தீர்வு என்பதை வேறொரு துறை முன்பே ஏற்றுக்கொண்டிருக்கிறது. புனேயின் வேதாள் குன்றில் 1966 முதல் இயங்கும் இந்திய மோட்டார் வாகன ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட ஏஐஎஸ்-140 தரநிலை, பேருந்துகளிலும் டாக்சிகளிலும் பொருத்தும் இருப்பிடம் காட்டும் கருவி, வண்டியின் மின்சாரம் அறுந்தாலும் நான்கு மணி நேரம் இயங்கும் உள் பேட்டரியைக் கொண்டிருக்க வேண்டும் என்று கேட்கிறது. டேஷ்கேமுக்கென்று விற்கப்படும் தனி பேட்டரிகள் லித்தியம் இரும்பு பாஸ்ஃபேட் என்னும் வகையைச் சேர்ந்தவை. ஏறக்குறைய 80 முதல் 100 வாட்-மணி கொள்ளளவு கொண்ட இவை, கார் ஓடும்போது ஒரு மணி நேரத்தையொட்டி நிரம்பி, நின்றபின் ஒற்றைக் கேமராவை ஒரு நாள் அளவுக்குத் தாங்கும். ஈய-அமில பேட்டரியைப் போலக் கடைசி ஐந்தில் ஒரு பங்குக்கு முரண்டு பிடிக்காமல் விரைந்து வாங்கிக்கொள்வதும், முழுவதும் காலியாகி மீண்டு வருவதில் இளைக்காததும் இவற்றின் சிறப்பு. கேமராவின் விலையைத் தாண்டும் விலையே இவற்றின் குறை. கோடையில் மூடிய காருக்குள் டேஷ்போர்டு 70 பாகையையும் தாண்டும் என்பதால் இருக்கைக்கு அடியில்தான் வைக்க வேண்டும்.

இதற்கு மாற்றாகச் சாதாரண பவர் பேங்கை டேஷ்போர்டில் வைப்பது விபரீதம். செல்போனுக்காகச் செய்யப்பட்ட லித்தியம் அயனி செல்கள் அந்த வெப்பத்தைத் தாங்க உருவானவை அல்ல. கேமராவுக்குள்ளேயே இருக்கும் சூப்பர் கெப்பாசிட்டரைக் காட்டி இதுவே போதும் என்போரும் உண்டு. மின்சாரம் போனபின் கடைசிக் கோப்பை மூடிச் சேமிக்கும் சில விநாடிகளுக்குத்தான் அது போதும். கண்ணாடிக்குப் பின்னால் படுக்கவைக்கும் சிறு சூரியத் தகட்டைப் பற்றி அடுக்கக அடித்தளத்தில் கார் நிறுத்துவோரிடம் பேசிப் பயனில்லை.

விழித்திருப்பது என்பதற்கும் பல பொருள் உண்டு, விளம்பரங்கள் அவற்றைக் கலந்துவிடுகின்றன. அதிர்வை உணர்ந்தபின் எழும் கேமரா மிகக் குறைந்த மின்சாரம் எடுக்கும், ஆனால் அது எழுந்து பதிவைத் தொடங்கச் சில விநாடிகள் ஆவதால் இடித்த கணம் கிடைக்காது, இடித்தவரின் முதுகு கிடைக்கலாம். அசைவைக் கண்டு, அதற்கு முந்தைய சில விநாடிகளையும் சேர்த்துச் சேமிக்கும் கேமரா எப்போதும் விழித்திருந்தாக வேண்டும், அதன் செலவு ஓடும்போது ஆவதற்கு நெருக்கமானது. விநாடிக்கு ஒரு படம் என்று எடுக்கும் முறை மெமரி கார்டில் இடத்தை மிச்சப்படுத்துமே தவிர மின்சாரத்தைப் பெரிதாக மிச்சப்படுத்தாது, ஏனெனில் உள்ளிருக்கும் சில்லு உறங்குவதில்லை. இவை எல்லாவற்றுக்கும் மேல், முன்னும் பின்னும் பார்க்கும் கேமராவுக்குக் கதவுகள் தெரிவதில்லை. பேட் தெருக்களில் ஹேண்டில்பார் கோடு விழும் இடமோ கதவு. இந்த ஒரு குறையைச் சொல்லாமல் விற்கப்படும் கேமராக்களே மிகுதி.

கேமராவில் எண் பலகை தெளிவாக விழுந்துவிட்டது என்றே வைத்துக்கொண்டாலும், அது சாட்சியமாக நிற்க வேண்டும். மகாராஷ்டிரத்தின் ஜால்னா தொகுதித் தேர்தல் வழக்கிலிருந்து எழுந்த அர்ஜுன் பண்டித்ராவ் கோத்கர் வழக்கில், மின்னணுப் பதிவின் நகலைத் தாக்கல் செய்வோர் சட்டம் கேட்கும் சான்றிதழை இணைத்தே ஆக வேண்டும், மூலக் கருவியையே கொண்டுவந்தால் மட்டும் அது வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு அந்தச் சான்றிதழை விரிவாக்கி, கோப்பின் கைரேகை போன்ற ஹேஷ் மதிப்பையும் நிபுணரின் கையொப்பத்தையும் கேட்கிறது. ஆகவே வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய காணொளியை மட்டும் நம்பாமல், பழைய பதிவின் மேல் புதியது எழுதப்படுவதற்குள் மெமரி கார்டையே கழற்றிப் பத்திரப்படுத்துவது அறிவுடைமை.

புனேக்கே உரிய ஓர் எச்சரிக்கையையும் இங்கே சேர்க்க வேண்டும். தரைப்படையின் தென்மண்டலத் தலைமையகம், கடக்வாஸ்லாவின் தேசியப் பாதுகாப்புக் கழகம், கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலை, பாஷாணின் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடங்கள், லோஹகாவ் விமானப்படைத் தளம் என ராணுவ இடங்கள் செறிந்த நகரம் அது. புனே, கட்கி, தேஹு ரோடு என மூன்று கண்டோன்மென்ட்டுகள் அதையொட்டி இருக்கின்றன. தடைசெய்யப்பட்ட இடங்களைப் படமெடுப்பது 1923ஆம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டம் வரை இழுத்துச் செல்லக்கூடியது. ஓடிப்போகும் காரின் கேமரா அந்த மதிலைச் சில விநாடிகளே பார்க்கும். அதன் வாயிலுக்கு எதிரே நிறுத்திவிட்டுப் போன காரின் கேமரா மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கும், காவலுக்கு நிற்கும் சிப்பாய்க்கு அதை விளக்கிச் சொல்ல உரிமையாளர் அருகில் இருக்கமாட்டார். அத்தகைய இடங்களில் காவல் முறையை அணைத்துவிட்டுப் போக வேண்டும்.

நாள்தோறும் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடி, இரவில் தெருவில் நிற்கும் காருக்கு 12.4 எல்லையோடு ஹார்டுவயர் கிட் பொருத்தலாம். பொருளாதாரம் இடம் கொடுத்தால் தனி பேட்டரி இன்னும் நல்லது. வாரம் ஒருமுறை ஓடும் காருக்கு இரண்டுமே வீண். அந்தப் பணத்தை அடுக்ககத்தின் கண்காணிப்புக் கேமராவைப் பழுதுபார்க்கச் சங்கத்துக்குக் கொடுப்பது மேல், அதற்கு மின்வாரியத்தின் மின்சாரம் இருக்கிறது, கதவும் தெரியும். எந்த முடிவானாலும், கடைக்குப் போவதற்கு முன் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்றை வாங்கி, ஒரு வாரம் காலையில் காரைக் கிளப்புவதற்கு முன்பு பேட்டரியின் வோல்ட்டை அளந்து எழுதிவையுங்கள். கேமராவே இல்லாத நிலையில் அது 12.4ஐத் தொடவில்லை என்றால், முதலில் பேட்டரிக்கு வைத்தியம் பாருங்கள்.